மாதவிடாய் வலியும் நம் பெண்மக்களும்

ஒரு பொருளுக்கு ஒரு சமூகம் இட்டு வழங்கும் பெயரைக் கொண்டே, அப்பொருளை அச்சமூகம் எவ்வாறு கருதுகிறது என்பதை ஓரளவு கண்டுகொள்ளலாம். மகளிர்க்கு மாதந்தோறும் நிகழும் உதிரப்போக்குக்குத் தமிழில் வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். மாதவிலக்கு, வீட்டு விலக்கு, வீட்டுக்குத் தூரம், தீட்டு. இவை யாவும் அப்பெண் எங்கே இருத்தல் வேண்டும், எதனைத் தொடலாகாது என்பவற்றைக் கூறுகின்றன. அவள் உடம்பில் என்ன நேர்கிறது என்பதைக் கூறவில்லை. வங்காளத்திலோ சாதாரணப் பேச்சில் இதனை 'ஷொரீர் கராப்' என்பர். 'உடம்பு சரியில்லை' என்பது அதன் பொருள். காய்ச்சல் வந்தாலும் அதே சொல்தான். மாதவிடாய் வந்தாலும் அதே சொல்தான். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இவ்விரு வழக்கையும் ஒப்பிட்டு நோக்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஒரு மொழி பெண்ணை விலக்கி வைக்கிறது. மற்றொரு மொழி செய்தியை மூடி வைக்கிறது. வலியைப் பற்றி இரண்டுமே வாய் திறப்பதில்லை. 'சூதகவலி' என்றொரு சொல் தமிழ் மருத்துவ நூல்களில் உண்டு. ஆனால் வீட்டுப் பேச்சில் அது பெரும்பாலும் வழங்குவதில்லை.

சொல் இல்லாத இடத்தில் துன்பம் இல்லை என்று ஆகிவிடுமா? இளம் பெண்களிடையே நடைபெற்ற ஆய்வுகள் பலவற்றிலும், பாதிக்கும் மேற்பட்டோர் மாதவிடாயின்போது வலி உண்டு என்றே கூறியுள்ளனர். அவருள் ஒரு சிலர்க்கு அவ்வலி எழுந்து நடமாட முடியாத அளவுக்குக் கடுமையாக இருக்கிறது. இத்தனை பேர்க்கு வருவது ஒன்று, இத்தனை குறைவாகப் பேசப்படுவது வியப்பன்றோ?

வங்காள நாட்டில் ஆஷாட மாதத்தில், அதாவது சூன் மாதத்தின் பிற்பகுதியில், 'அம்புபாசி' என்றொரு நோன்பு வரும். அந்நாட்களில் பூமித்தாய்க்கு மாதவிடாய் என்பது ஐதிகம். மூன்று நாட்கள் நிலத்தை உழமாட்டார்கள்; மண்ணைத் தோண்டமாட்டார்கள். அசாமில் காமாக்யா கோயிலின் கதவுகளை அம்மூன்று நாட்களும் அடைத்து வைப்பர். ஒடிசாவில் இதனையொத்த 'ரஜ' விழாவின்போது பெண்மக்களுக்கு வீட்டு வேலையினின்று ஓய்வு தந்து ஊஞ்சல் கட்டிக் கொடுப்பர். மண்ணுக்கும் அந்நாட்களில் ஓய்வு வேண்டும் என்று கருதிய நாட்டிலேதான், தேர்வு எழுதப் போகும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால், 'இது எல்லோருக்கும் வருவதுதானே, எழுந்திரு' என்கிறோம்.

எல்லோருக்கும் வருவது என்பது உண்மைக்குப் பெரிதும் புறம்பன்று. ஆயினும் எல்லோருக்கும் வருவதனாலேயே ஒன்றைப் பொறுத்துத்தான் ஆகவேண்டும் என்பது எவ்வாறு பொருந்தும்? பல்வலியும் பலர்க்கு வருகிறது. அதனை நாம் பொறுத்துக்கொண்டிருப்பதில்லை. ஆகவே, இவ்வலி எதனால் தோன்றுகிறது, எதனால் தணிகிறது, எப்போது மருத்துவரை நாடவேண்டும் என்னும் மூன்றையும் முறையே காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், மேனாட்டு மருத்துவ நூல்களுட் பல இவ்வலியைப் பெண்ணின் மனப்போக்கின் விளைவு என்றே எழுதி வந்தன. நரம்புத் தளர்ச்சி என்றும், தாயாகும் பொறுப்பைக் கண்டு அஞ்சுதல் என்றும் காரணம் கற்பித்தன. உண்மைக் காரணம் உடம்பிலேயே இருந்தது. 1935-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஃபான் ஆய்லர் என்பார், ஆண்களின் விந்து நீர்மத்திலே தசைகளைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளைக் கண்டார். அது புராஸ்டேட் என்னும் சுரப்பியினின்று வருவது என்று கருதிப் 'புராஸ்டகிளாண்டின்' என்று பெயரிட்டார். 1957-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஆராய்ச்சியாளர் பிக்கிள்ஸ் என்பார், மாதவிடாய் உதிரத்திலும் தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று உண்டென்று கண்டறிந்தார். அதுவும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெண்களை வருத்தும் பொருளுக்கு ஆணின் சுரப்பியால் பெயர் அமைந்த விந்தை இவ்வாறு நேர்ந்தது.

இப்பொருள் செய்யும் தொழில் யாது? கருப்பை என்பது தசையால் ஆன ஒரு பை. மாதந்தோறும் அதன் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று கருவை ஏற்பதற்காகத் தடித்து வளர்கிறது. கரு உண்டாகாதபோது அப்படலம் சிதைந்து வெளியேறுகிறது. சிதையும் வேளையில் புராஸ்டகிளாண்டின் மிகுதியாகச் சுரந்து கருப்பைத் தசையை இறுகச் சுருங்கச் செய்கிறது. அவ்வாறு இறுகும்போது தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களும் நெருக்குண்டு, தசைக்குச் செல்ல வேண்டிய உயிர்வளி குறைகிறது. அடிவயிற்றில் தொடங்கி இடுப்பிலும் தொடையிலும் பரவும் வலிக்கு இதுவே காரணம். அப்பொருள் இரத்தத்தில் கலந்து உடலின் பிற பகுதிகளையும் அடைவதால் குமட்டலும், வாந்தியும், வயிற்றுப்போக்கும், தலைவலியும் சிலர்க்கு உண்டாகின்றன. கடும் வலியுடைய பெண்களின் உதிரத்தில் இப்பொருள் மற்றையோரைவிட மிகுதி என்பதும் ஆய்வில் கண்டதே.

பெற்றோர் கருதத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. பெண் பூப்பெய்திய முதலாண்டில் பெரும்பாலும் இவ்வலி தோன்றுவதில்லை. முதற்சில மாதங்களில் சூலகத்தினின்று முட்டை முறையாக வெளிப்படுவதில்லை. முட்டை வெளிப்படும் சுற்றுகளிலேதான் இவ்வலி வரும். ஆதலின் ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, சிலர்க்கு இரண்டாண்டும் கழித்து, வலி தொடங்குதல் இயல்பு. இதனை அறியாத வீடுகளில், 'சென்ற ஆண்டெல்லாம் நன்றாக ஓடியாடினாளே, இப்போது மட்டும் என்ன வந்தது? பள்ளிக்குப் போகாமலிருக்கப் பாசாங்கு செய்கிறாள்' என்னும் பேச்சு எழுகிறது. உடம்பு வளர்ந்து முதிர்வதன் அடையாளமே அக்குழந்தைக்கு எதிரான சாட்சியாக ஆகிவிடுகிறது.

இவ்வலி உதிரம் தோன்றுவதற்குச் சில மணி நேரம் முன்போ, அதனுடனோ தொடங்கி, இரண்டு மூன்று நாட்களுக்குள் தணியும். நாட்கணக்கில் சிறிதாயினும், இளம் பருவத்தில் அதன் விளைவு சிறிதன்று. இரவு உறக்கம் கெடுகிறது. மறுநாட் பாடம் மனத்தில் பதிவதில்லை. மாதம் இரண்டு நாள் பள்ளிக்குச் செல்லாத பெண் ஆண்டு முழுவதும் எத்தனை நாட்களை இழக்கிறாள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பொதுத் தேர்வின் நாளும் மாதவிடாயின் நாளும் ஒன்றாக வந்துவிடுமோ என்னும் அச்சம், தேர்வைவிடப் பெரிய சுமையாகிறது. இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. வலிக்கிறது என்று சொல்லியும் நம்பாத வீட்டில், பெண் தன் உடம்பு சொல்வதைத் தானே நம்பாமலிருக்கக் கற்றுக்கொள்கிறாள். பின்னாளில் உண்மையாகவே பெருநோய் ஒன்று அறிகுறி காட்டும்போதும் அவள் வாய்மூடி இருப்பதற்கு அதுவே பயிற்சியாகிறது.

இனி, தணிக்கும் வழிகளைக் காண்போம். முதலாவது வெப்பம். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்தல் நம் பாட்டிமார் அறிந்த முறையே. அதனால் வலி உண்மையில் குறைகிறது என்பதை இக்கால ஆய்வுகளும் ஒப்புக்கொண்டுள்ளன. இரண்டாவது உடற்பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நடத்தலும், யோகாசனம் முதலியன பயிலுதலும் நாளடைவில் வலியைக் குறைக்கும். சுக்கும் இஞ்சியும் பயன் தருவதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. சுக்குக் கஷாயம் அருந்துவதில் தவறில்லை. ஆனால் அது போதவில்லை என்று குழந்தை சொன்னால், அதற்குமேல் பொறுக்கச் சொல்லுதல் வேண்டா.

மூன்றாவது மருந்து. 1971-ஆம் ஆண்டில் ஜான் வேன் என்னும் ஆங்கில அறிஞர், ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் உடம்பில் புராஸ்டகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன என்று காட்டினார். 1982-இல் அவர்க்கும் சுவீடன் நாட்டார் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் ஆகிய மருந்துகளும் இவ்வகையின. வலிக்கு மூலமான பொருளை அவை உண்டாகாமற் செய்வதால், வலி முற்றிய பின் உட்கொள்வதைவிடத் தொடக்கத்திலேயே உட்கொள்வது மிக்க பயன் தரும். 'முடிந்தவரை பொறுத்துப் பார், முடியாவிட்டால் மாத்திரை போடு' என்னும் வழக்கமான அறிவுரை, மருந்து வேலை செய்யும் முறைக்கே மாறானது.

எனினும் மருந்தை மருந்தாகவே கருதுதல் வேண்டும். வெறும் வயிற்றில் அதனை உட்கொள்ளலாகாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உடையோர் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. ஆஸ்பிரினைச் சிறுவயதினர்க்குத் தரலாகாது. கொல்கத்தாவில் வாழ்வோர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மழைக்காலத்திலும் அதனையடுத்த மாதங்களிலும் இங்கே டெங்குக் காய்ச்சல் பரவுவது வழக்கம். காய்ச்சல் இருக்கும்போது ஐபுபுரோஃபென் முதலியவற்றை உட்கொண்டால் இரத்தக் கசிவு நேரக்கூடும். அப்போது பாராசிட்டமால் ஒன்றே தக்கது. மருத்துவரையும் உடனே காணுதல் வேண்டும். மெஃபனாமிக் அமிலத்தால் சிலர்க்கு அரிதாகக் கடும் ஒவ்வாமை நேரலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ஆம் ஆண்டு இறுதியில் எச்சரித்தது. மருந்து உட்கொண்டபின் காய்ச்சலோ, தோலில் தடிப்போ, முக வீக்கமோ கண்டால் அதனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

மருந்தின் பெயரை அறிந்து உட்கொள்ளுதல் எத்துணை இன்றியமையாதது என்பதைத் தமிழ்நாட்டு நிகழ்ச்சி ஒன்று விளக்கும். அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த இளம் பெண்கள் ஏறத்தாழ நூறு பேரிடம் செய்தியாளர்கள் விசாரித்தறிந்த விவரம் 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, பெயர் எழுதப்படாத மாத்திரைகள் வேலை செய்யும் இடத்திலேயே தரப்பட்டன என்றும், அவை என்ன மருந்து, என்ன விளைவு தரும் என்பதை எவரும் அவர்க்குச் சொல்லவில்லை என்றும் அப்பெண்கள் கூறினர். வலிக்குக் காரணம் என்ன என்று எவரும் கேட்கவில்லை. கை மீண்டும் தையல் இயந்திரத்துக்குத் திரும்பினால் போதும் என்றாயிற்று. அவருட் பலர் கிராமத்தை விட்டு வந்து விடுதிகளில் தங்கியிருந்தோர். தாயின் கண்காணிப்பு இல்லாத இடத்தில் பெண்ணின் உடம்பை யார் பேணுவது என்னும் கேள்வி, பிற மாநிலங்களில் வாழும் நமக்கும் உரியதே.

மருத்துவரை நாட வேண்டிய வேளை எது? மூன்று மாதம் முறையாக மருந்து உட்கொண்டும் வலி தணியாவிடினும், வலி ஆண்டுக்கு ஆண்டு மிகுந்து வரினும், மாதவிடாய் அல்லாத நாட்களிலும் அடிவயிறு வலிப்பினும், மலசலம் கழிக்கையில் அந்நாட்களில் வலி தோன்றினும் காலந்தாழ்த்தலாகாது. கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளரும் 'எண்டோமெட்ரியோசிஸ்' என்னும் நோய் அதற்குக் காரணமாக இருக்கலாம். உலகில் மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்க்கு அது உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. 'எல்லோருக்கும் வருவதுதான்' என்னும் ஒரு சொல்லாலேயே அந்நோய் பல்லாண்டு கண்டறியப்படாமற் போகிறது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை துணியோ பஞ்சுப் பட்டையோ மாற்றும் அளவுக்கு உதிரம் போனாலும் மருத்துவரைக் காணல் வேண்டும். 2019-21-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர். மிகுதியான உதிரப்போக்கு அதனை மேலும் வளர்க்கும். பதினான்கு, பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாத பெண்ணுக்கு மாதந்தோறும் அடிவயிற்றில் வலி வந்து போவதாயின், உதிரம் வெளியேறும் வழி அடைபட்டிருக்கக்கூடும். அதனை வெறும் வயிற்றுவலி என்று தள்ளலாகாது. திடீரென ஒரு பக்கம் கடுமையாக வலித்து வாந்தியும் வந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

மணமாகாத பெண்ணை மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தாய்மார் தயங்குகின்றனர். உட்சோதனை செய்வார்களோ என்பது அவர் அச்சம். இளம் பெண்களைப் பெரும்பாலும் கேள்விகளாலும், வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனாலுமே மருத்துவர் ஆராய்வர். தேவையெனில் ஹார்மோன் மாத்திரை தருவதும் உண்டு. அதனால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு இல்லாமற் போகும் என்பது ஆதாரமற்ற அச்சம்.

இனி, ஊர் விட்டு ஊர் வந்த நமக்கே உரிய இடர் ஒன்றைக் கூறவேண்டும். ஊரில் இருந்தால் பாட்டியோ, அத்தையோ, பெரியம்மாவோ பெண்ணின் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வர். லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் ராஷ்பிகாரி அவென்யூவிலும் தமிழ்க் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்த காலத்தில் அண்டை வீட்டு மாமி அவ்விடத்தை நிரப்பினார். இன்று புறநகர் அடுக்குமாடியில் தனித்து வாழும் குடும்பத்தில், தாயும் பணிக்குச் செல்பவராயின், பெண் யாரிடம் சொல்வாள்? மருத்துவரிடம் சென்றாலும் மொழி குறுக்கே நிற்கிறது. தாய்க்கு வங்காளம் வராது. பெண்ணுக்கு வரும், ஆனால் தாயின் எதிரில் சொல்ல நாணம். 'ஷொரீர் கராப்' என்று பொதுவாகச் சொன்னால் மருத்துவர்க்கு ஒன்றும் விளங்காது.

ஆகவே சில சொற்களை வீட்டில் யாவரும் அறிந்துகொள்வது நலம். மாதவிடாயை 'மாசிக்' என்றும், அடிவயிற்றில் வலி என்பதைத் 'தொல்பேட்டே பேத்தா' என்றும், வாந்தியைப் 'பொமி' என்றும், தலைசுற்றலை 'மாதா கோரா' என்றும் வங்காளியர் சொல்வர். இச்சொற்களினும் பயனுள்ளது ஒரு சிறு குறிப்பேடு. உதிரம் தொடங்கிய நாள், முடிந்த நாள், வலி தொடங்கிய நேரம், பத்துக்கு எத்தனை என்னும் கணக்கில் வலியின் அளவு, உட்கொண்ட மருந்து, பள்ளிக்கோ வேலைக்கோ செல்லாத நாட்கள் ஆகியவற்றை மூன்று மாதம் எழுதி வந்தால் போதும். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டா. எந்த மாநிலத்து மருத்துவரும் அதனை ஒரு நோக்கில் அறிந்துகொள்வார்.

செலவு செய்ய இயலாதோர்க்கும் வழி உண்டு. 10 முதல் 19 வயது வரையுள்ளோர்க்காக 2014-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தின்கீழ், அரசு மருத்துவமனைகளில் தனி ஆலோசனை மையங்கள் அமைந்துள்ளன. மேற்கு வங்கத்தில் அவற்றுக்கு 'அன்வேஷா' என்று பெயர். அங்கே பெண்கள் தங்கள் ஐயங்களைத் தனிமையில் கேட்கலாம்.

பெண்ணின் நோயைப் பெண்ணிடமே சொல்லும் வாய்ப்பு எளிதில் வந்ததன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே மகளிரைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியோ அதன்பின் பல்லாண்டு தயங்கியது. எதிர்ப்புகளுக்கிடையே அங்கே கற்றுத் தேறிய காதம்பினி கங்கூலி அம்மையார், 1886-ஆம் ஆண்டு முதல் மருத்துவராக விளங்கி, ஆண் மருத்துவரிடம் சொல்ல நாணி நோயை மறைத்த மகளிர்க்குத் துணையானார். அவர் போன்றோர் திறந்து வைத்த கதவு இன்றும் திறந்தே இருக்கிறது. நாம் நம் பெண்களை அதன் உள்ளே அழைத்துச் செல்லவேண்டும், அவ்வளவே.

அரசுகளும் இவ்வலியை மெல்ல மெல்ல ஏற்று வருகின்றன. பீகார் அரசு 1992-ஆம் ஆண்டிலேயே தன் பெண் ஊழியர்க்கு மாதம் இரண்டு நாள் சிறப்பு விடுப்பு அளித்தது. 2023-இல் கேரள அரசு, பல்கலைக்கழக மாணவியர்க்கு வேண்டிய வருகை அளவை நூற்றுக்கு 75-இலிருந்து 73-ஆகத் தளர்த்தியது. 2025-இல் கர்நாடக அரசு மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு இசைந்தது. இத்தகைய விடுப்பால் பெண்களை வேலைக்கு எடுக்கவே முதலாளிகள் தயங்குவர் என்போரும் உளர். அவ்வாதம் எவ்வாறு முடியினும், வீட்டில் விடுப்பு அளிக்க எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

பெண்ணைப் பெற்ற தந்தையர்க்கு இறுதியாக ஒரு சொல். இது தாய் மகள் இருவர்க்குள் அமைய வேண்டிய செய்தி என்று எழுந்து போகாதீர்கள். மருந்துக் கடைக்குச் செல்வதும், மருத்துவர்க்குப் பணம் கட்டுவதும், 'இன்று அவள் படுத்திருக்கட்டும்' என்று மகனிடம் சொல்லுவதும் பல வீடுகளில் உங்கள் கையில் உள்ளன. வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், முதலில் நம்புங்கள். பிறகு, எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். தமிழில் இதற்கு நல்ல சொல் ஒன்று வீட்டு வழக்கில் இல்லாமற் போனது நம் முன்னோர் காலத்து நிகழ்ச்சி. 'அம்மா, மாதவிடாய் வலி தாங்க முடியவில்லை' என்று ஒரு பெண் தன் வீட்டுக் கூடத்தில் தாழாத குரலில் சொல்லும்படி செய்வது நம் காலத்துக் கடமையாகும்.